வெள்ளணு இல்லாத நாட்கள்

எனக்குத் தொண்டை வலிக்கத் தொடங்கிய அந்த மழை வாரத்தில், எங்கள் தெருவில் தொண்டை வலிக்காதவர்கள்தான் குறைவு. மூன்று நாள் முன்பு என் மகளுக்கு வந்திருந்தது. பக்கத்து வீட்டில் இரண்டு பேர் இருமிக்கொண்டிருந்தார்கள். அதனால் நானும் மிளகைத் தட்டிப் போட்டுக் கஷாயம் வைத்துக் குடித்துவிட்டு, வேலைக்கு லீவு சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

நாங்கள் இருப்பது சேர்வராயன் மலைமேல் உள்ள மஞ்சக்குட்டையில். ஏற்காட்டில் ஒரு லாட்ஜில், வருகிறவர்களின் பெயரை எழுதிக்கொண்டு அறைச் சாவி எடுத்துக் கொடுப்பது என் வேலை. கணவர் ஏற்காட்டுக்கும் சுற்றியுள்ள மலை ஊர்களுக்கும் ஷேர் ஜீப் ஓட்டுகிறார். ஒரே மகள். அப்போது பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தாள்.

இரண்டு மாதமாக நான் தைராய்டுக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அதற்கு முன்பு லாட்ஜில் பேனாவைப் பிடித்தால் கை நடுங்கும். மாடிப்படி நாலு ஏறினால் நெஞ்சு படபடவென்று அடிக்கும். வயிறு நிறையச் சாப்பிட்டும் உடம்பு இளைத்துக்கொண்டே போனது. சேலத்தில் ஒரு டாக்டர் பரிசோதனை செய்து, தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்கிறது என்று சொல்லி அந்த மாத்திரையை எழுதிக் கொடுத்தார். ஒரு மாதத்திலேயே கை நடுக்கம் நின்றது. அந்த மாத்திரையின் மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்துவிட்டது. காய்ச்சல் நாட்களிலும் தண்ணீர் விழுங்கவே முடியாதபோதுகூட அதை மட்டும் வேளை தவறாமல் விழுங்கினேன்.

இரண்டாம் நாள் காய்ச்சல் ஏறியது. ஈறிலும் நாக்கின் ஓரத்திலும் புண் வந்தது. கஷாயம் வாயில் பட்டதும் கண்ணீர் வந்தது.

"சேலத்துக்குப் போயிட்டு வந்தர்லாம் அம்மிணி. காலைல பஸ் ஓடுது," என்றார் கணவர்.

"எல்லாத்துக்கும் வந்தாப்புலதானுங்க வந்திருக்குது. ரெண்டு நாள்ல போயிரும்," என்றேன்.

அவர் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. அன்று மாலையில் மழை வலுத்தது. எங்கள் வீட்டுக்குச் சிமெண்ட் ஷீட் போட்ட கூரை. அதன்மேல் மழை விழும்போது பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்காது. மூன்றாம் நாள் கரண்ட் போனது. மதியம் கணவர் நனைந்துகொண்டே வந்து, சேலம் போகிற மலைப்பாதையில் மண் சரிந்துவிட்டது என்றார். குப்பனூர் வழியாகப் போகிற இன்னொரு பாதையிலும் மரங்கள் விழுந்து கிடந்தன. இறங்குவதற்கு வேறு வழி கிடையாது.

அதைக் கேட்டபோது எனக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது. மூன்று போர்வை போர்த்தியும் பல் கிடுகிடுத்தது. நான் கட்டிலில் கிடந்து கூரையைப் பார்த்தேன். மலையிலேயே பிறந்து வளர்ந்தவள் நான். மழைக்கு ரோடு மூடுவது எனக்குப் புதிதில்லை. ரோடு மூடினால் லாட்ஜில் மாட்டிக்கொண்ட வெளியூர்க்காரர்கள் பதறுவார்கள். நாங்கள் அவர்களுக்கு டீ கொடுத்துச் சமாதானம் சொல்லுவோம். அந்தப் பதற்றம் என்னவென்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

மகள் பக்கத்தில் வரவே இல்லை. சமையலறை வாசலில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தண்ணீர் கேட்டால் சொம்பைக் கொண்டுவந்து ஒரு எட்டு தள்ளி வைத்துவிட்டு மறுபடி வாசலுக்குப் போய்விட்டாள். எனக்கு அது உறுத்தியது. ஆனால் கேட்கிற தெம்பு இல்லை.

நாலாம் நாள் காலையில் எச்சில்கூட விழுங்க முடியவில்லை. கணவர் என்னைத் தூக்கி ஜீப்பின் முன் இருக்கையில் உட்கார வைத்தார். மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஏற்காட்டுக்குப் புறப்பட்டோம். நடுவில் இரண்டு இடத்தில் இறங்கிக் கிளையை இழுத்துப் போட்டார். எஸ்டேட் வேலிகளுக்கு மேலே மூட்டம் நகராமல் நின்றது.

ஏற்காடு ஆஸ்பத்திரியில் அன்று இருந்தவர் சின்ன வயது டாக்டர். வெளியூர்க்காரர். டார்ச் அடித்து என் வாயைப் பார்த்தார். பார்த்துவிட்டு டார்ச்சை அணைக்காமல் மறுபடி பார்த்தார்.

"இவ்வளவு காய்ச்சல் இருக்கு. தொண்டை பழுத்து, சீழ் வச்சிருக்கணும். ஒண்ணுமே இல்லையே," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு என்னிடம், "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?" என்று கேட்டார்.

பையில் இருந்த மாத்திரை அட்டையை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதன் பெயரைப் படித்தார்.

"எத்தனை நாளா?"

"ரெண்டு மாசமுங்க."

"இன்னைக்குக் காலையில?"

"சாப்ட்டனுங்க சார். ஒரு வேளைகூட உடலீங்க," என்றேன். அதைச் சொன்னபோது என் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்திருக்கும்.

அவர் அட்டையைத் திருப்பித் தரவில்லை. தன் கோட்டுப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். "இனிமே இதுல ஒண்ணுகூட நீங்க தொடக் கூடாது. இது குடுக்கும்போது டாக்டர் உங்ககிட்ட எதுவும் சொல்லலையா?"

அந்தக் கேள்வியில்தான் எனக்கு நினைவு வந்தது. சேலத்து டாக்டர் சொல்லியிருந்தார். தெளிவாகவே சொல்லியிருந்தார். நான் எழுந்து கதவருகே போனபோது என்னைத் திரும்பக் கூப்பிட்டு, "காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தா மாத்திரையை நிறுத்திட்டு அன்னிக்கே ரத்தம் டெஸ்ட் பண்ணிருங்க. மறந்தராதீங்க," என்றார். நான் தலையாட்டினேன். நாலு மணி பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ்ஸுக்கு வெகு நேரம் நிற்க வேண்டும் என்று சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினேன்.

இப்போது கணவர் என் தோளைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றார்.

"நெனப்பில்லீங்க சார்," என்றேன்.

ரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்ததும் டாக்டர் இன்னொரு முறை எடுக்கச் சொன்னார். இரண்டாவதும் அப்படியே வந்தது. கணவரை வராந்தாவுக்குக் கூட்டிப் போய்ப் பேசினார். ஜன்னல் திறந்திருந்ததால் எனக்கும் கேட்டது.

"உடம்புல கிருமி நுழைஞ்சா முதல்ல ஓடி வந்து சண்டை போடற வெள்ளணு இவங்களுக்கு ஒண்ணுகூட இல்லைங்க. அந்த மாத்திரை எங்கேயோ ஒருத்தருக்கு இப்படிப் பண்ணிடும். நான் இப்ப ஊசி போடறேன். ஆனா சேலத்துக்குப் போயே ஆகணும். இன்னைக்கே."

"ரோடு இல்லீங்களே சார்," என்றார் கணவர். அந்த ரோட்டின் ஒவ்வொரு வளைவையும் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டக்கூடியவர் அவர். அந்தக் குரலில் அவர் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

டாக்டர் யார் யாருக்கோ போன் செய்தார். சரிவுக்கு மேல்பக்கம் வரை இங்கிருந்து ஆம்புலன்ஸில் போவது, சரிவை எப்படியாவது கடப்பது, கீழ்ப்பக்கம் சேலத்திலிருந்து வரும் ஆம்புலன்ஸில் ஏறுவது என்று முடிவானது. கையில் சொட்டு மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே புறப்பட்டோம். ஒரு நர்ஸ் கூட வந்தார்.

சரிவு ஒரு கொண்டை ஊசி வளைவுக்குக் கீழே இருந்தது. மேலிருந்து பாதி மலையே நழுவி ரோட்டில் உட்கார்ந்துவிட்டதுபோல் செம்மண்ணும் பாறையும் வேரோடு மரமும் குவிந்து கிடந்தன. ஜேசிபி மண்ணை அள்ளிக்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்ததும் நிறுத்தினார்கள். என்னை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துத் துணியால் கட்டினார்கள். கணவரும் ரோடு வேலைக்காரர்கள் மூன்று பேரும் ஆளுக்கு ஒரு காலைப் பிடித்துத் தூக்கினார்கள். முழங்கால் வரை சேறு. என் வலப்பக்கம் பிடித்திருந்தவர் பத்தடி வந்ததும் இருமினார்.

"அண்ணா, நீங்க வேண்டாமுங்க, உட்டுருங்க! வேற ஆள் பிடிங்க!" என்று நர்ஸ் கத்தினார்.

அந்த மனிதர் திகைத்து நின்றார். காலையிலிருந்து மழையில் மண் வெட்டியவர். முன்பின் தெரியாத என்னைத் தூக்க வந்தவர். அவர் கையை எடுக்க, இன்னொருவர் பிடித்துக்கொண்டார். எனக்கு அவமானமாக இருந்தது. "தப்பா எடுத்துக்காதீங்க அண்ணா" என்று சொல்ல வாய் திறந்தேன், குரல் வரவில்லை. மூட்டத்துக்குள் அவர் ஓரமாக நின்று நாங்கள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்றுவரை அவர் யாரென்று தெரியாது.

சேலத்தில் எனக்குக் கொடுத்தது நாலாவது மாடியில் ஒரு தனி அறை. அறைக்கு வெளியே கை கழுவவும் மேலங்கி மாட்டவும் ஒரு சின்ன இடம். அதற்கு அப்பால் ஒரு கதவு, அதில் ஒரு கண்ணாடிச் சதுரம். ஜன்னல் இருந்தது, ஆனால் திறக்க முடியாதபடி அடைத்திருந்தார்கள். பூ கூடாது, பழம் கூடாது, தயிர் கூடாது, வீட்டுச் சாப்பாடு கூடாது. கொதிக்க வைத்த கஞ்சி மட்டும் வரும். பல் துலக்கக் கூடாது, ஈறு கீறிவிடும். பஞ்சை நனைத்து வாயைத் துடைக்க வேண்டும். கணவர் முதல் நாள் முகமூடியும் அங்கியும் போட்டுக்கொண்டு கால் மணி நேரம் வந்து நின்றார். அதற்குப் பிறகு அவரும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்தான், கையில் போனோடு.

என் வேலையே அறைச் சாவி கொடுப்பதுதான். எத்தனை ஆயிரம் பேருக்குக் கொடுத்திருப்பேன் என்று தெரியாது. இந்த அறைக்குச் சாவி இல்லை. கதவு பூட்டப்படவும் இல்லை. எழுந்து தள்ளினால் திறந்துவிடும். திறந்து வெளியே போனால் எதிரில் வருகிறவரின் மூச்சே என்னைக் கொன்றுவிடக்கூடும் என்றார்கள். இரண்டாம் நாள் நான் நாலைந்து முறை கதவருகே போய் நின்றேன். கை வைத்துக்கூடப் பார்த்தேன். பிறகு கட்டிலுக்குத் திரும்பிவிட்டேன்.

ஜன்னல் வழியாகச் சேர்வராயன் மலை தெரிந்தது. அடிவாரம் மட்டும் தெரியும், மேலே முழுக்க மேகம். என் வீடு அந்த மேகத்துக்குள் எங்கோ இருந்தது.

என்னைப் பார்த்துக்கொண்டவர் ரத்த நோய்களுக்கான டாக்டரம்மா. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். சேலத்துக்காரர். தினமும் காலையில் ரத்தம் எடுப்பார்கள், மதியம் அவர் வந்து எண்ணிக்கை சொல்வார். முதல் நாள் பூஜ்யம். இரண்டாம் நாளும் பூஜ்யம். மூன்றாம் நாளும் அப்படித்தான்.

ஏற்காட்டில் ஊசி குத்திய இடம் என் இடது முழங்கையின் உள்பக்கம் கருநீலமாகப் படர்ந்துகொண்டிருந்தது. நர்ஸ் அதைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டு வைத்திருந்தார். மறுநாள் நிறம் கோட்டைத் தாண்டியிருந்தது. ஆனால் வீக்கம் இல்லை, பெரிய வலியும் இல்லை.

"வீங்காம இருக்கறது நல்லதுதானுங்களே?" என்று கேட்டேன்.

டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இல்ல கண்ணு. வீங்கியிருந்தா நான் சந்தோசப்பட்டிருப்பேன்," என்றார். "நம்ம உடம்புல ரெண்டு விதமா எதிர்ப்பு இருக்குது. ஒண்ணு, ஒரு கிருமியைப் பார்த்துப் பழகி, அதுக்குன்னே தயாராகறது. அதுக்கு நாள் பிடிக்கும். இன்னொண்ணு, பொறக்கறப்பவே கூட வர்றது. அதுக்கு வந்திருக்கறது எந்தக் கிருமின்னு தெரியாது, தெரியவும் வேண்டாம். கிருமியோட மேல்தோல்ல இருக்கற சில பொருள் நம்ம உடம்புல எந்த மூலையிலயும் கிடையாது. அது தட்டுப்பட்டாலே போதும், இது நம்முளுது இல்லேன்னு கண்டுபிடிச்சுரும்."

"யாருங்க கண்டுபிடிக்கறது?"

"தோலுக்கு அடியில, தொண்டைல, குடல்ல, எல்லா எடத்துலயும் செல்லுங்க காவலுக்குக் கெடக்குது. அதுங்க மேல, அந்தப் பொருள் வந்து ஒட்டறதுக்குன்னே எடம் இருக்குது. ஒட்டுனதும் அது சில ரசாயனத்தை ரத்தத்துல கலக்கும். ஆபத்து வந்திருக்குது, வாங்கன்னு சொல்ற மாதிரி. காய்ச்சல் வர்றது அதனாலதான். அப்ப ரத்தத்துல ஓடிட்டிருக்கற வெள்ளணு, ரத்தக் குழாயைத் தாண்டி, கொஞ்ச நேரத்துலயே அங்க வந்துரும். கிருமியை முழுங்கிக் கொல்லும். அப்பறம் அதுவும் செத்துரும். சீழ்ங்கறது பெரும்பாலும் அப்பிடிச் செத்த வெள்ளணுதான். வீக்கம், சிவப்பு எல்லாம் அந்த வேலை நடக்கறதுக்கு அடையாளம்."

"எனக்குக் காய்ச்சல் அடிக்குதுங்களே."

"ஆமா. கண்டுபிடிக்கற செல்லு உங்களுக்கு நல்லாவே இருக்குது. அது கூப்புட்டுட்டுத்தான் இருக்குது. வர்றதுக்குத்தான் ஆளு இல்ல." அவர் என் கையைத் தட்டிக் கொடுத்தார், கையுறை போட்ட கையால். "எலும்பு மஜ்ஜைல புதுசா உண்டாகறதுக்கு ஊசி போட்டுட்டிருக்கறோம். அது வர்ற வரைக்கும் ஆன்டிபயாட்டிக்தான் காவல். பொறுங்க."

அவர் போன பிறகு வெகு நேரம் அந்தக் கருநீலத் திட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குள் எங்கெங்கோ, எனக்குத் தெரியாமல், எத்தனை கூப்பாடு. யாரும் வராத கூப்பாடு. அதுவரை நான் மருத்துவமனை அறையில் மாட்டிக்கொண்டதாகத்தான் நினைத்திருந்தேன். அந்த மத்தியானம், என் உடம்பிலேயே மாட்டிக்கொண்டிருக்கிறேன் என்று பட்டது. அறையிலிருந்தாவது யாராவது வெளியே விடலாம்.

ரோட்டில் ஒரு வண்டி போகிற அளவுக்கு வழி விட்டதும் கணவர் மேலே போய் மகளைக் கூட்டி வந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கணவர் மட்டும் நின்றார். வராந்தாவின் கடைசியில், லிப்டுக்குப் பக்கத்தில் அவள் பள்ளிச் சீருடையில் சுவரைப் பார்த்து நிற்பது தெரிந்தது.

"வரமாட்டீங்குது," என்றார் போனில்.

"ஏனுங்க?"

"தெரியலெ. கேட்டாப் பேசவும் மாட்டீங்குது."

மறுநாளும் அப்படியே நின்றாள். எனக்கு முதலில் வருத்தமாகவும் பிறகு கோபமாகவும் இருந்தது. வாய் முழுக்கப் புண், முகம் வெளுத்து உதடு கறுத்துக் கிடக்கிறேன். அருவருப்பாக இருக்கும்போல என்று நினைத்தேன். ஐந்தாம் நாள் கணவரிடம், போனை அவளிடம் கொடுக்கச் சொன்னேன்.

"ஏஞ்சாமி, கண்ணாடிகிட்ட வந்தா என்ன? நான் என்ன அவ்வளவு கோரமாவா இருக்கறேன்?"

மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

"எனக்கு இன்னும் சளி போகலம்மா," என்றாள் கடைசியில்.

"அதான் நடுவுல கண்ணாடி இருக்குதில்ல கண்ணு."

"எனக்குத்தானம்மா மொதல்ல வந்துச்சு." குரல் உடைந்தது. "ஒரே போர்வைலதான படுத்தோம். நாந்தானம்மா உனக்கு ஒட்ட வெச்சேன். நான் பக்கத்துல வந்தா உனக்கு இன்னும் ஏதாச்சும் ஆயிரும்."

சமையலறை வாசலில் அவள் நின்றது எனக்கு அப்போதுதான் புரிந்தது. அத்தனை நாளும் அந்தப் பெண் அதைத் தனியாகச் சுமந்துகொண்டு மலை ஏறி இறங்கியிருக்கிறாள்.

"அப்பிடி இல்ல சாமி. என் வாயில எப்பவுமே இருக்கற கிருமிதான் இதைப் பண்ணுச்சுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. உன்ற சளி இல்ல."

"அவங்க ஆறுதலுக்குச் சொல்லுவாங்க."

எத்தனை முறை சொன்னாலும் அவள் நம்பப்போவதில்லை என்று தெரிந்தது. நம்ப வைக்க என்னிடம் ஒன்றுதான் இருந்தது. அதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று நான் வைத்திருந்தேன்.

"இங்க கேளு. இந்த மாத்திரையைக் குடுத்த அன்னிக்கே டாக்டரு என்கிட்டச் சொன்னாரு. காய்ச்சல் வந்தா உடனே நிறுத்தோணும், ரத்தம் பாக்கோணும்னு. நான் மறந்துட்டேன். உங்கப்பாகிட்டக்கூட அதைச் சொல்லல. காய்ச்சல் வந்த பொறகும் அதையேதான் முழுங்கிட்டிருந்தேன். ஏற்காட்டு டாக்டரு கேட்டப்ப நெனப்பு வந்துச்சு. அப்பவும் சொல்லல. பொய் சொன்னேன். இது என்ற தப்பு. உன்றது இல்ல."

வராந்தாவின் கோடியில் அவள் நிமிர்ந்து என் கதவைப் பார்த்தாள்.

"அதெப்பிடிம்மா மறப்பே?" என்றாள். "அதெப்பிடி மறப்பே? எனக்குப் பரீட்சைக்குப் பேனா எடுத்தியா, ரப்பர் எடுத்தியான்னு நூறுவாட்டிக் கேப்பியே!"

போனைக் காதில் வைத்தபடியே வேகமாக நடந்து வந்தாள். கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்று என்னை முறைத்தாள். மூக்கு சிவந்து, கண்ணீர் வடிந்து, அவ்வளவு கோபமாக என் மகளை நான் பார்த்ததில்லை. எனக்கு நெஞ்சு லேசானது. திட்டட்டும் என்று பேசாமல் நின்றேன். திட்டினாள். பிறகு, "கஞ்சி குடிச்சியா?" என்று கேட்டாள்.

கணவருக்கும் அந்தப் பேச்சு கேட்டிருந்தது. மறுநாள் வழக்கம்போல் வந்து நின்று, வழக்கம்போல் நலம் விசாரித்து, போனை வைக்கப்போகும்போது சொன்னார்:

"மொதல் நாளே சொல்லியிருந்தா எறங்கியிருக்கலாம் அம்மிணி. அன்னிக்கு ரோடு நல்லாத்தான் இருந்துச்சு."

கோபமாகச் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த ஒரு வழியைச் சொல்வதுபோல் சொன்னார். அந்த வார்த்தை அறைக்குள் என்னோடு தங்கிவிட்டது. எழுந்தாலும் படுத்தாலும் அதுதான். அன்று மதியமும் எண்ணிக்கை பூஜ்யம்.

ஏழாம் நாள் இடுப்பெலும்பும் நெஞ்செலும்பும் உள்ளிருந்து யாரோ குடைவதுபோல் வலித்தன. முடிந்தது என்று நினைத்தேன். மகளுக்குக் காதுக்குப் போட எடுத்து வைத்திருந்த தோடு பீரோவில் எந்தத் தட்டில் இருக்கிறது என்று கணவருக்குச் சொல்லிவிட வேண்டும் என்றுகூடப் போனை எடுத்தேன். அப்போது டாக்டரம்மா வந்தார். வலியைச் சொன்னேன். அவர் முகம் மாறியது.

"எங்க வலிக்குது? எலும்புக்குள்ளயா? நெசமாலுமா?"

"நொம்ப வலிக்குதுங்க."

"வலிக்கட்டும் கண்ணு, வலிக்கட்டும். மஜ்ஜை வேலை செய்யுதோ என்னமோ."

எட்டாம் நாள் ஒரு எண் வந்தது. மிகச் சின்ன எண். டாக்டரம்மா அதைத் தாளில் எழுதிக் கண்ணாடி வழியாகக் கணவருக்கும் காட்டினார். ஒன்பதாம் நாள் அது மூன்று மடங்கானது. அன்று பிற்பகல் என் முழங்கை விண்விண் என்று தெறித்தது. பார்த்தால், கருநீலத் திட்டைச் சுற்றிச் செக்கச்செவேல் என்று வீங்கி, நடுவில் மஞ்சளாக ஒரு முனை கட்டியிருந்தது. நர்ஸ் ஓடிப்போய் டாக்டரம்மாவைக் கூட்டி வந்தார். இரண்டு பேரும் குனிந்து அதைப் பார்த்தார்கள். சீழைப் பார்த்து இரண்டு பேர் அப்படிச் சிரித்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. கத்தியால் கீறி எடுத்தபோது உயிர் போகிற வலி. அன்று மாலைக்குள் காய்ச்சல் இறங்கத் தொடங்கியது.

பன்னிரண்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஜீப்பில் ஏறியதும் கணவர் கண்ணாடிகளை ஏற்றிவிட்டார், குளிர் படக் கூடாது என்று. அடிவாரம் தாண்டும் வரை பொறுத்தேன். முதல் வளைவு ஏறும்போது மூச்சு முட்டியது.

"கண்ணாடியை எறக்குங்க."

"காத்து சில்லுனு வருது அம்மிணி."

"பரவால்ல. எறக்குங்க."

வீட்டுக்குப் போன பிறகும் என்னால் உள்ளே உட்கார முடியவில்லை. நாலு சுவரும் கூரையும் சேர்ந்து நெருக்கின. வெளியே காப்பிச் செடி ஓரமாக நாற்காலி போட்டு, கம்பளியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். மகள் சோற்றைப் பிசைந்து கிண்ணத்தில் போட்டு அங்கேயே கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு மாதம் வரை கூட்டம் உள்ள இடத்துக்குப் போகக் கூடாது என்று சொல்லியிருந்ததால் யாரும் வரவில்லை. தூரத்தில் ரோட்டில் போகிறவர்கள் கையை ஆட்டிவிட்டுப் போனார்கள். இப்போதும் கதவு சாத்திய அறையில் என்னால் தூங்க முடிவதில்லை.

தைராய்டு மட்டும் அப்படியே இருந்தது. அந்த மாத்திரையும் அந்த வகை வேறு மாத்திரையும் எனக்கு இனி ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். கை நடுக்கம் திரும்பியது. வேறு மருந்துகளால் அதைத் தற்காலிகமாக அடக்கி வைத்துவிட்டு, வெயில் காலத்தில் ஆபரேஷன் செய்து தைராய்டை எடுத்துவிடுவது என்று முடிவு செய்தோம்.

ஆபரேஷனுக்குச் சேரப் போன அன்று, மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பெண் ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டு நிரப்பினார். வயது, ஊர், முன்பு வந்த நோய். "ஏதாவது மருந்து ஒத்துக்காதுங்களா?" என்று கேட்டார்.

நான் வாய் திறப்பதற்குள் கணவர் மேசை வரை வந்துவிட்டார். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர் அவர்.

"கார்பிமசோல்," என்றார். ஒவ்வொரு எழுத்தையும் அழுத்தி, ஒரு பிசகும் இல்லாமல். "அதைக் குடுத்தா இவங்களுக்கு வெள்ளணு போயிருமுங்க. நல்லாப் பெருசா எழுதுங்க."

அந்தப் பெண் எழுதினார். கணவர் குனிந்து, அவர் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அப்பறமுங்க," என்றார், "இப்பக் குடுக்கற மருந்துக்கு ஏதாச்சும் பாக்கோணும்னா, அதை என்கிட்டயும் ஒருக்காச் சொல்லிருங்க."

நான் அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பெண் படிவத்தைத் திருப்பி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினார்.